பரிதாபி வருஷத்து வீடு

ஐயா, வணக்கம்.

பர்மாத் தேக்கு பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். அதில் வரிக்கு வரி ஆண்டுகள் வருகின்றன. இவ்வளவையும் எப்படி நினைவில் வைத்திருக்கிறீர்கள்? என் மகள் அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கிறாள். கணக்கும் அறிவியலும் அவளுக்குச் சிரமமில்லை. உலக வரலாற்று ஆண்டுகள் என்று வந்தால் கண்கலங்கிவிடுகிறாள். 1789, 1799 இரண்டையும் மாற்றி எழுதுகிறாள். 1914, 1917 அப்படியேதான். அடுப்படிச் சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதி வைத்தும் பார்த்தாள். ராத்திரி ஒப்பித்தது காலையில் இருப்பதில்லை. "செல்பேசியில் தட்டினால் வருவதை நான் ஏன் சுமக்க வேண்டும்?" என்று கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

இன்னொன்று. நாங்கள் இருப்பது பழைய வளவு வீடு. பர்மாத் தேக்குத் தூண், முகப்பில் இத்தாலிச் சலவைக்கல், பட்டாலையில் பெல்ஜியம் கண்ணாடி. நிலைக்கு மேலே "பரிதாபி வருஷம் ஆவணி மாதம்" என்று செதுக்கியிருக்கிறது. அது எந்த ஆண்டு என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. பாட்டையா (கொள்ளுத்தாத்தா) கட்டியது என்று ஒரு பேச்சு, அவருடைய ஐயா (தாத்தா) கட்டியது என்று ஒரு பேச்சு. இதையும் சொல்ல முடியுமா?

தேவகோட்டை வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் இரண்டாவது பத்தியிலேயே முதல் பத்திக்குப் பதில் இருக்கிறது. அதனால் நிலையிலிருந்தே தொடங்குகிறேன்.

தமிழ் ஆண்டுகள் 60. பிரபவ முதலாவது, அட்சய கடைசி. முடிந்ததும் மறுபடி பிரபவ. பரிதாபி அந்த வரிசையில் 46ஆவது. 1867இல் ஒரு பிரபவ பிறந்தது. அதோடு 45ஐக் கூட்டினால் 1912. அதற்கு முந்தைய பரிதாபி 1852, பிந்தையது 1972. ஆக, உங்கள் நிலை சொல்வது இந்த மூன்றில் ஒன்று. 1972ஐ விட்டுவிடலாம், பாட்டையா காலம் அல்ல அது. மிஞ்சியவை 1852, 1912. வீட்டில் இருக்கும் இரண்டு பேச்சுக்கும் இடையே சரியாக அந்த 60 ஆண்டுகள்தான் கிடக்கின்றன.

இதுவரை செல்பேசியும் சொல்லிவிடும். இனிமேல் சொல்லாது.

1852 பரிதாபியில் என்ன நடந்தது? அந்தச் சித்திரை பிறந்த வாரத்திலேயே ஆங்கிலேயப் படை ரங்கூனைப் பிடித்தது. மார்கழியில், அதாவது 1852 டிசம்பரில், பர்மாவின் பெகு நாடு கம்பெனி ஆட்சியோடு சேர்க்கப்பட்டது. ஐராவதி டெல்டா அப்போது பெரும்பாலும் காடும் சதுப்பும். 1869 நவம்பரில் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐரோப்பாவுக்குக் கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்ற வேண்டியதில்லை என்றானதும் பர்மா அரிசிக்கு அங்கே சந்தை விரிந்தது. காட்டை வெட்டிக் கழனியாக்கிய பர்மிய உழவனுக்கு முதல் தேவைப்பட்டது. ஐரோப்பிய வங்கிகள் அவனுக்குக் கடன் தரவில்லை. நம் ஊர்களிலிருந்து கொண்டுவிற்கப் போனவர்கள், அதாவது கடல் கடந்து வட்டித் தொழில் செய்த செட்டியார்கள், தந்தார்கள். அந்த வட்டிதான் தேக்காகவும் சலவைக்கல்லாகவும் கண்ணாடியாகவும் செட்டிநாட்டுக்குத் திரும்பியது. ரங்கூன் விழுந்து நான்கே மாதத்தில், 1852 ஆவணியில், அந்தப் பணத்தில் இப்படி ஒரு வீடு எழுந்திருக்க முடியாது. உங்கள் வீடு 1912. கட்டியவர் பாட்டையாதான்.

மகளிடம் இதைச் சொல்லுங்கள். ஒரு நிகழ்ச்சி எந்த ஆண்டு என்று கேட்டால் செல்பேசி சொல்லும். நிலையில் இருக்கும் ஒரு சொல்லைப் பார்த்து, "இது சூயஸுக்கு முன்பா, பின்பா?" என்று கேட்கும் எண்ணம் நமக்குத்தான் வர வேண்டும். 1852, 1869, 1912 மூன்றும் வரிசையாக மனத்தில் இருந்தால்தான் அந்தக் கேள்வியே பிறக்கும்.

1912 பரிதாபி பிறந்த இரண்டு மூன்று நாட்களில்தான் டைட்டானிக் கப்பல் அட்லாண்டிக்கில் மூழ்கியது, ஏப்ரல் 15 விடிவதற்குள். ஆவணியில் உங்கள் வீட்டு நிலையில் உளி பட்டபோது அந்தச் செய்தி பழகியிருக்கும். கப்பலை நம்பிப் பிழைத்த ஊர் இது. அன்று எத்தனை முகப்புத் திண்ணைகளில் அதைப் பேசியிருப்பார்கள் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. இனி உங்கள் மகளுக்கு டைட்டானிக் ஆண்டு மறக்குமா?

பள்ளியில் நானும் ஆண்டுகளோடு அல்லாடியவன்தான். பிளாசிப் போருக்கு 1857 என்று எழுதி, எங்கள் வரலாற்று ஆசிரியரிடம் வகுப்பே பார்க்கத் திட்டு வாங்கினேன். என்னைக் கரையேற்றியது பாடப்புத்தகம் அல்ல, என் ஆயா, அம்மாவைப் பெற்றவர். ஆயா பள்ளிக்கூடம் போனவர் அல்லர். ஆனால் வருடக் கணக்கில் அவரை யாரும் மடக்க முடியாது. என் மூத்த மாமா எப்போது பிறந்தார் என்று கேட்டால், ரங்கூனில் குண்டு விழுந்த மார்கழியில் என்பார். ஆயாவின் உடன்பிறந்த அண்ணன் அப்போது ரங்கூனில் ஒரு கடையில் அடுத்தாளாக, அதாவது உதவியாளராக, இருந்தார். குண்டு விழுந்த சேதி வந்தது. அதன்பின் தபாலே வரவில்லை. தை போனது, மாசி போனது, பங்குனியும் போனது. ஆயா கைக்குழந்தையோடு தினமும் முகப்பில் வந்து உட்கார்ந்திருப்பாராம். சித்திரை கடைசியில் ஒருவர் வந்து வாசலில் நின்றபோது, பிச்சைக்காரர் என்று நினைத்து உள்ளே போய் அரிசி எடுத்து வந்தாராம். அரக்கான் மலைப்பாதை வழியாக நடந்தே வந்த அண்ணன் அவர். அப்படி நடந்தவர்கள் லட்சக்கணக்கில். பாதையிலேயே இறந்தவர்களும் ஏராளம்.

ரங்கூனில் முதல் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23 என்று பிற்காலத்தில் ஒரு புத்தகத்தில் படித்தேன். படித்த கணத்தில் ஆயாவின் கையில் இருந்த அரிசி கண்முன் வந்தது. அந்த ஆண்டு அதன்பிறகு என்னைவிட்டுப் போகவே இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு மற்றவை தாமாக வந்தன. பேர்ல் துறைமுகத் தாக்குதல் அதற்குச் சரியாக 16 நாள் முன்பு, டிசம்பர் 7. சிங்கப்பூர் வீழ்ந்தது 1942 பிப்ரவரி 15, ரங்கூன் வீழ்ந்தது மார்ச் 8. இரண்டும் ஆயா தபாலுக்குக் காத்திருந்த அந்த மாசி மாதத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

நான் செய்வது இவ்வளவே. சுவரில் ஓர் ஆணியை ஆழமாக அடித்துவிட்டு, மற்றவற்றை அதில் மாட்டுகிறேன். ஆணி நம் வீட்டுச் சுவரில் இருக்க வேண்டும். ஒலி ஒப்புமை வைத்தும் வேடிக்கை வாக்கியம் கட்டியும் ஆண்டுகளைச் சொல்லித் தருகிறார்கள். அது தேர்வு அறை வரை வரும், வாசல் தாண்டினால் உதிர்ந்துவிடும். அதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

உங்கள் மகள் குழப்பிக்கொள்ளும் 1799க்கு வருகிறேன். அந்த ஆண்டு நமக்கு மிக நெருக்கமானது. மே 4இல் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் விழுந்தார். அக்டோபர் 16இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். நவம்பர் 9இல் பாரிஸில் நெப்போலியன் ஆட்சியைப் பிடித்தான். இவற்றில் திப்புவின் கதையும் நெப்போலியன் கதையும் தனித்தனி அல்ல. முந்தைய ஆண்டு நெப்போலியன் எகிப்தில் இறங்கியதும், அவன் திப்புவோடு கைகோத்து இந்தியாவுக்கு வந்துவிடுவானோ என்ற அச்சம் ஆங்கிலேயரைப் பிடித்தது. திப்புவின் மேல் அவ்வளவு அவசரமாகப் படையெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். பிரெஞ்சுப் புரட்சி தொடங்கியது அதற்குப் பத்தாண்டுகள் முன்பு, 1789 ஜூலை 14இல் பாஸ்டில் சிறை உடைந்தபோது. புரட்சி பிறந்தது 89, அது ஒரு தளபதியின் கைக்குப் போனது 99. அடுத்து 1801 வருகிறது. உங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் திருப்பத்தூர் எவ்வளவு தூரம்? அந்த ஆண்டு அக்டோபர் 24இல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட இடம் அங்கேதான் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளை அழைத்துக்கொண்டு போய் நின்றுவிட்டு வாருங்கள்.

1914ஐ நம் மொழியே வைத்திருக்கிறது. கெட்டிக்காரனை, யாருக்கும் பிடிகொடுக்காதவனை "சரியான எம்டன்" என்கிறோம் அல்லவா? எம்டன் என்பது ஜெர்மன் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்துக்கு அருகே வந்து எண்ணெய்த் தொட்டிகள் மேல் குண்டு வீசிவிட்டுப் போனது. முதல் உலகப் போர் தொடங்கி அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 1917க்குக் காரைக்குடி இருக்கிறது. இந்து மதாபிமான சங்கம் அங்கே தொடங்கிய ஆண்டு அது. 1919இல் பாரதி வந்து அமர்ந்த சங்கம். அதே 1917இல்தான் ரஷ்யப் புரட்சி. நவம்பர் 7இல் நடந்ததை அக்டோபர் புரட்சி என்று ஏன் சொல்கிறார்கள் என்று மகள் கேட்கக்கூடும். ரஷ்யாவில் அன்று பழைய நாட்காட்டி, 13 நாள் பிந்தியது. அவர்கள் கணக்கில் அது அக்டோபர் 25. தமிழ் ஆண்டும் ஆங்கில ஆண்டும் ஒன்றோடொன்று பொருந்தாமல் நடப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் புரியும்.

1929 கானாடுகாத்தான்காரர்களுக்குப் பெருமையான ஆண்டு. ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் முயற்சியால் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் தொடங்கிய ஆண்டு. அதே ஆண்டு அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. அந்தச் சரிவு கடல் தாண்டி நெல் விலையைச் சரித்தது. பர்மிய உழவனால் கடனைக் கட்ட முடியவில்லை. ஈடு வைத்த நிலம் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தது. 1930இல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ 6 சதவீத நிலம் செட்டியார்களிடம் இருந்தது. பத்தாண்டு முடிவதற்குள் அது கால்பங்கானது. நிலம் கேட்டுப் போனவர்கள் அல்லர் அவர்கள், பணம் கொடுத்துப் பணம் வாங்கப் போனவர்கள். ஆனாலும் நிலத்தை இழந்தவனின் கசப்பு நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். நம் வீடுகளின் அழகைப் பேசும்போது அந்த உழவனையும் நினைக்க வேண்டும். 1948 ஜனவரி 4இல் பர்மா விடுதலை பெற்றது, சரியாக ஒரு மாதம் கழித்துப் பிப்ரவரி 4இல் இலங்கை. அதே 1948இல் பர்மாவில் நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம் வந்தது. வட்டிக் கடைகள் இருந்த கிட்டங்கிகளில் கணக்குப் பேரேடுகளை மூடிக்கொண்டு பலர் ஊர் திரும்பினார்கள்.

ஆண்டின் பெயரே துயரமாகிப்போனதும் உண்டு. "தாது வருஷப் பஞ்சம்" என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்தத் தாது 1876. தென்னிந்தியா முழுவதும் மக்கள் மடிந்துகொண்டிருந்தபோது, அதே தாது மார்கழியில், 1877 ஜனவரி 1 அன்று, டெல்லியில் தர்பார் கூட்டி விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவித்தார்கள். பாடப்புத்தகங்களில் தர்பார் ஒரு பாடத்திலும் பஞ்சம் இன்னொரு பாடத்திலும் இருக்கும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்று எனக்கு இரவு உறக்கம் வரவில்லை.

பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கு நம் ஊரில் ஓர் அருமையான கருவி இருக்கிறது. எந்த வீட்டுப் பெட்டகத்திலும் எழுதாத பழைய பேரேடு ஒன்று கிடக்கும். அதை மகளிடம் கொடுங்கள். இடப்பக்கம் வீடும் ஊரும், வலப்பக்கம் உலகம். இடப்பக்கம் "பரிதாபி, ஆவணி, வீட்டு நிலை" என்று அவள் எழுதட்டும், வலப்பக்கம் டைட்டானிக். அப்பத்தா பிறந்தது, ஐயா கப்பல் ஏறியது, கடையை மூடிக்கொண்டு வந்தது என்று இடப்பக்கம் நிறைய நிறைய, வலப்பக்கத்தைத் தேடிப் படித்து அவளே நிரப்புவாள். ஒரே ஓர் எச்சரிக்கை. இரண்டும் ஒரே ஆண்டில் வந்ததாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. உங்கள் வீட்டுக்கும் டைட்டானிக்குக்கும் ஒரு தொடர்பும் இல்லை. 1929இன் சரிவுக்கும் பர்மா நிலத்துக்கும் இருந்தது. காரணம் இருக்கும் இடத்தில் மட்டும் சிவப்பு மையால் கோடு போட்டு இணைக்கச் சொல்லுங்கள்.

தமிழ் ஆண்டு சித்திரையில் பிறப்பதால் மார்கழியின் பின்பாதியிலும் தை, மாசி, பங்குனியிலும் ஆங்கில ஆண்டு ஒன்று கூடிவிடும். அவள் முதலில் தடுக்கி விழப்போகும் இடம் அதுதான். உங்கள் நிலையில் இருப்பது ஆவணி, அதனால் 1912இல் சிக்கல் இல்லை. வீட்டில் பழைய முறிச்சிட்டையோ இசைபிடிமானமோ, அப்படிக் குடும்ப ஆவணம் ஏதாவது, இருந்தால் எடுத்து அதன் தலைப்பில் இருக்கும் வருடப் பெயரையும் மாதத்தையும் பாருங்கள். படிக்க முடியவில்லை என்றால் படம் எடுத்து அனுப்புங்கள். மூவரும் சேர்ந்து வாசிக்கலாம்.

அன்புடன்.