கிளவுடும் காப்புரிமை வழக்கும்: வாளையாறு முதல் குமுளி வரை வந்த கேள்விகள்

கஞ்சிக்கோடு: நாங்கள் ஆறு பேர். அரிசி ஆலைகளுக்கு ஸ்டாக் பார்க்கும் மென்பொருள் செய்து, வாடகை சர்வரில், அதாவது கிளவுடில், ஓட்டுகிறோம். எங்கள் ஃபைல் சேமிப்பு முறை தங்கள் காப்புரிமையை (பேட்டன்ட்) மீறுகிறது, லைசென்ஸ் கட்டணம் கட்டுங்கள் என்று அமெரிக்க வக்கீல் ஒருவர் மெயில் அனுப்பியிருக்கிறார். பணத்தைக் கட்டித் தொலைத்துவிடலாமா சார்?

அவசரப்படாதீர்கள். கோபத்தில் பதிலும் போடாதீர்கள். "ஆமாம், அந்த முறையைத்தான் பயன்படுத்துகிறோம்" என்று ஒரு வரி எழுதிவிட்டால் பிறகு அதுவே சாட்சியாகிவிடும்.

முதலில் அந்த மெயிலில் காப்புரிமை எண் இருக்கிறதா பாருங்கள். எண்ணே இல்லாமல் மிரட்டுகிறவர்கள் நிறைய. எண் இருந்தால், எந்த நாட்டுக் காப்புரிமை என்று பாருங்கள். அமெரிக்கக் காப்புரிமை அமெரிக்காவோடு சரி. பாலக்காட்டு மில்லுக்கு விற்று, இந்திய சர்வரில் ஓடும் மென்பொருளை அது கட்டுப்படுத்தாது. ஆனால் உங்கள் சர்வர் எங்கே ஓடுகிறது? கணக்குத் திறந்தபோது கண்ணில் பட்ட முதல் இடத்தைத் தேர்ந்தெடுத்து, வர்ஜீனியாவில் ஓட்டிக்கொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும். அப்படியிருந்தால் அவர்களுக்கு ஒரு பிடி கிடைத்துவிடும். மும்பையிலும் ஹைதராபாதிலும் டேட்டா சென்டர்கள் இருக்கும்போது இந்த வம்பு எதற்கு?

அடுத்து, அதே கண்டுபிடிப்புக்கு இந்தியாவில் காப்புரிமை உண்டா என்று தேடுங்கள். காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே தேடலாம். விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுதான் ஆயுள். இடையில் புதுப்பிப்புக் கட்டணம் கட்டாமல் காலாவதியானதும் உண்டு.

"இந்தியாவில்தான் மென்பொருளுக்குக் காப்புரிமையே கிடையாதே" என்று உங்கள் நண்பர்கள் சொல்வார்கள். அது பாதி உண்மை. காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு கணினி நிரலை 'அந்த அளவில்', அதாவது வெறும் நிரலாக இருந்தால், மட்டும்தான் விலக்குகிறது. அந்த இரண்டு சொல் இடுக்கு வழியாக எத்தனையோ விண்ணப்பங்கள் நுழைந்திருக்கின்றன. தொழில்நுட்ப விளைவு (கணினியை வேகமாக்குவது போன்ற பலன்) இருந்தால் கணினி சார்ந்த கண்டுபிடிப்பையும் பரிசீலிக்க வேண்டும் என்று டெல்லி உயர்நீதிமன்றமும் 2019இல் ஃபெரித் அல்லானி வழக்கில் சொன்னது.

இங்கே செல்லும் காப்புரிமை ஒன்றும் இல்லாமல் வெறும் மிரட்டல்தான் என்றால், 106வது பிரிவின்படி நீங்களே கோர்ட்டுக்குப் போய் அதை நிறுத்தச் சொல்லலாம், நஷ்டஈடும் கேட்கலாம். 'எங்களிடம் காப்புரிமை இருக்கிறது' என்று தகவல் சொல்வது மட்டும் மிரட்டலில் சேராது. அதனால் மெயிலின் வாசகத்தை ஒரு காப்புரிமை வக்கீலிடம் காட்டிவிட்டு அப்புறம் இறங்குங்கள்.

குமுளி: ஏலக்காய் கமிஷன் கடை வைத்திருக்கிறோம். பில், பேரேடு எல்லாம் கிளவுடில். சர்வர் கம்பெனி அமெரிக்காவில் காப்புரிமை வழக்கில் தோற்றால் எங்கள் கணக்கு ஒருநாள் திடீரென்று நின்றுவிடுமா?

நிற்பதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. 2024 ஏப்ரலில் சிகாகோ ஜூரி ஒன்று, சேமிப்பு முறை தொடர்பான காப்புரிமைகளை மீறியதற்காக அமேசானின் கிளவுட் நிறுவனமான அமேசான் வெப் சர்வீசஸ் 52.5 கோடி டாலர் தர வேண்டும் என்றது. தொகை பெரிதுதான், ஆனால் அதற்காக யாருடைய சேமிப்பும் பூட்டப்படவில்லை. 2010 மே மாதம் மைக்ரோசாப்ட், கிளவுட் மென்பொருள் விற்கும் சேல்ஸ்ஃபோர்ஸ் மீது வழக்குப் போட்டது, அவர்கள் திருப்பிப் போட்டார்கள், ஆகஸ்டில் சமரசம். மீறல் நிரூபணமானாலே தடையாணை தானாக வந்துவிடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2006இலேயே ஈபே வழக்கில் சொல்லிவிட்டது. இவை பெரும்பாலும் பணத்தில் முடிகிற சண்டைகள்.

உங்களுக்கு நான் பயப்படச் சொல்வது வேறு. ஆனி மழையில் மலைப்பாதையில் மரம் விழுந்து கேபிள் அறுந்தால், புற்றடியில் ஏலக்காய் ஏலம் நடக்கிற நாளன்று உங்கள் பேரேடு எங்கே இருக்கும்? இன்னொன்று, மாதச் சந்தாவுக்கு மென்பொருள் தருகிற சின்னக் கம்பெனி மூடப்பட்டால்? எனக்கே நடந்தது. நான் பயன்படுத்திய பில் சேவை ஒன்று கடையைக் கட்டியபோது, மூன்று வருடக் கணக்கைப் பிடிஎஃப் ஆகக் கொடுத்தார்கள். உட்கார்ந்து பார்க்கலாம், கூட்டிப் பார்க்க முடியாது. வாரம் ஒருமுறை எக்செல் வடிவில் இறக்கி உங்கள் கம்ப்யூட்டரில் வையுங்கள். அந்த வசதி இல்லாத சேவையை வாங்காதீர்கள்.

சித்தூர், பாலக்காடு: "காப்புரிமை வழக்கு வந்தால் நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்கிறார் கிளவுட் விற்கும் ஏஜென்ட். நம்பலாமா?

வாயால் சொன்னாரா, ஒப்பந்தத்தில் இருக்கிறதா? பெரிய நிறுவனங்கள் எழுதித் தருவது உண்டு. மைக்ரோசாப்ட் 2017இல் கொண்டுவந்த திட்டத்தில், தகுதியுள்ள வாடிக்கையாளர்கள் வழக்கை எதிர்கொள்ளத் தன் 10,000 காப்புரிமைகளைத் துணைக்குத் தருவதாகவும் சொன்னது. ஆனால் இந்த உறுதி பொதுவாக அவர்களின் சேவைக்கு மட்டும். அதன் மேல் நீங்கள் எழுதிய நிரலுக்கும், வேறொன்றோடு சேர்த்துக் கட்டியதற்கும் வராது. நோட்டீஸ் வந்தவுடன் தெரிவிக்க வேண்டும், வழக்கை நடத்தும் பொறுப்பையும் அவர்களிடமே விட வேண்டும் என்ற நிபந்தனைகளும் இருக்கும்.

மீனாட்சிபுரம்: வெளிநாட்டுக் கிளவுடில் கணக்கு வைக்கக் கூடாது என்கிறார் ஆடிட்டர். உண்மையா?

நீங்கள் பிரைவேட் லிமிடெட் என்றால், கணக்குகளின் பேக்கப் தினமும் இந்தியாவில் உள்ள சர்வரில் இருக்க வேண்டும். 2022 திருத்தத்துக்கு முன் 'அவ்வப்போது' என்று இருந்தது, இப்போது தினசரி. கூட்டாண்மை நிறுவனம் என்றால் இந்த விதி உங்களுக்கு இல்லை.

கொழிஞ்சாம்பாறை: ஓப்பன் சோர்ஸ் மட்டும் பயன்படுத்தினால் காப்புரிமைப் பிரச்சினை வராதுதானே?

அப்படி இல்லை. ஓப்பன் சோர்ஸ் என்றால் நிரலைத் திறந்து கொடுத்து, பயன்படுத்த ஒரு உரிமமும் தருவது. அதில் ஒன்றான அப்பாச்சி 2.0 உரிமத்தில், நிரலை எழுதித் தந்தவர்கள் தங்கள் காப்புரிமையையும் சேர்த்தே அனுமதிக்கிறார்கள். இன்னொன்றான எம்ஐடி உரிமத்தில் காப்புரிமை என்ற சொல்லே கிடையாது. இரண்டிலுமே, நிரலுக்குச் சம்பந்தமில்லாத மூன்றாம் ஆள் வழக்குப் போட்டால் உரிமம் உங்களைக் காப்பாற்றாது.

வாளையாறு: லாரி புக்கிங் சேவை ஒன்று தொடங்குகிறான் என் மருமகன். பெயரில் 'கிளவுட்' என்று வைத்தால் யாராவது கேஸ் போடுவார்களா?

அது காப்புரிமை இல்லை, வணிகச் சின்னம். 'கிளவுட் கம்ப்யூட்டிங்' என்ற சொல்லையே தன் சின்னமாக்கப் பார்த்தது டெல். அமெரிக்க வணிகச் சின்ன அலுவலகம் முதலில் தலையாட்டிவிட்டு, 2008 ஆகஸ்டில் பின்வாங்கிக்கொண்டது. கிளவுட் பொதுச்சொல். அதன் பக்கத்தில் மருமகன் வைக்கப்போகும் இன்னொரு சொல் எது என்று எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.