தலைமை ஆசிரியரின் முதல் வேலை: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்து, இந்த ஆண்டு தலைமை ஆசிரியையாகப் பதவி உயர்வு பெற்றுப் பக்கத்து ஒன்றியத்துக்கு வந்திருக்கிறேன். 140 பிள்ளைகள். என்னையும் சேர்த்து ஆறு ஆசிரியர்கள். எட்டாம் வகுப்புக்குக் கணக்கு இன்னமும் நான்தான் எடுக்கிறேன்.

போன மாதம் எங்களுக்கு மேலாண்மைப் பயிற்சி கொடுத்தார்கள். திட்டமிடல், ஒழுங்கமைத்தல், கட்டளையிடல், ஒருங்கிணைத்தல், கட்டுப்படுத்தல் என்று ஐந்து தலைப்புகள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. திங்கட்கிழமை பள்ளிக்கு வந்தால் ஓர் ஆசிரியர் லீவு, இன்னொருவர் பயிற்சிக்குப் போயிருக்கிறார். எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்தில் வருகைப் பதிவு ஏற்ற வேண்டும், சத்துணவுக்கு எண்ணிக்கை சொல்ல வேண்டும். நடுவில் வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து போன், ஒரு விவரம் உடனே வேண்டுமாம். அன்றைக்கு என் கணக்கு வகுப்பு நடக்கவில்லை. மறுநாளும் பாதிதான்.

கம்பெனி நடத்துகிறவர்களின் பாடத்தை எங்களுக்கு ஏன் சொல்லித் தருகிறார்கள்? நல்ல ஆசிரியர்கள் இருந்தால் போதாதா?

பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

*

அன்புள்ள டீச்சர்,

போதாது. நீங்கள் நல்ல ஆசிரியை என்பது உங்கள் கவலையிலேயே தெரிகிறது. ஆனாலும் திங்கட்கிழமை எட்டாம் வகுப்பில் கணக்கு நடக்கவில்லையே. அந்தப் பாடவேளை தவறாமல் நடக்கும்படி பார்த்துக்கொள்வதைத்தான் நான் பள்ளி நிர்வாகம் என்பேன். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

கல்வி உரிமைச் சட்டம் இதை மணிக்கணக்கிலேயே சொல்லியிருக்கிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்து வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம் கற்பித்தல். ஆறிலிருந்து எட்டு வரை 220 நாள், 1,000 மணி நேரம். பள்ளி திறந்திருந்த நாளைக் கணக்குக் காட்டுவது சுலபம். அந்த 1,000 மணியில் பிள்ளைகளுக்கு எத்தனை மணி போய்ச் சேர்ந்தது என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. நீங்கள் கேட்க வேண்டும்.

பயிற்சியில் சொன்ன ஐந்தும் ஹென்றி ஃபயோல் 1916இல் வகுத்தவை. பிரான்சில் ஒரு சுரங்க நிறுவனத்தை முப்பது ஆண்டுகள் நடத்தியவர். அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் மூன்றாம் வகுப்பில் ஓர் ஆசிரியர் தனியாக நின்று நாற்பது நிமிடம் என்ன செய்கிறார் என்பதைக் கட்டளை போட்டு நடத்திவிட முடியாது. அவருக்கு மனசு இருக்க வேண்டும், தயாரித்து வர நேரம் இருக்க வேண்டும்.

தொழிற்சாலைப் பாடம் பள்ளிக்குள் வருகிறது என்ற உங்கள் சந்தேகத்துக்கும் நியாயம் உண்டு. அமெரிக்காவில் கேரி என்ற ஊரில், 1907இல் பள்ளிகளின் பொறுப்புக்கு வந்த வில்லியம் வெர்ட் ஓர் ஏற்பாடு செய்தார். பாதிப் பிள்ளைகள் வகுப்பறையில் இருக்கும்போது மீதிப் பேர் பட்டறையிலும் மைதானத்திலும் அரங்கிலும் இருப்பார்கள். பிறகு இடம் மாறிக்கொள்வார்கள். ஓர் அறையும் சும்மா கிடக்காது. கேரியில் பிள்ளைகளுக்கு இதனால் பட்டறையும் விளையாட்டும் கிடைத்தன. நியூயார்க் நகரம் இதைக் கொண்டுவந்தபோது மக்கள் கண்ணில் பட்டது செலவு மிச்சம்தான். 1917இல் மாணவர்களும் பெற்றோரும் தெருவில் இறங்கினார்கள், அந்த ஆண்டுத் தேர்தலில் மேயரும் தோற்றார், திட்டம் போய்விட்டது.

நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது அதே காலத்தைச் சேர்ந்த இன்னொருவரைப் பற்றி. மேரி பார்க்கர் ஃபாலட், பாஸ்டன்காரர். மாலையில் பூட்டிக் கிடக்கும் பள்ளிக் கட்டடங்களை அக்கம்பக்கத்து மக்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்று 1908இல் ஒரு குழுவின் தலைமையை ஏற்று வேலை செய்தார். 1911இல் கிழக்கு பாஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் அப்படி ஒரு மையம் திறந்தது. பல தரப்பட்ட மனிதர்கள் ஒன்றாக உட்கார்ந்து ஒரு வேலையை முடிப்பது எப்படி என்று அவர் பார்த்துப் படித்தது இந்த மாதிரி இடங்களில்தான். அடுத்தவர் மேல் செலுத்தும் அதிகாரம் வேறு, அடுத்தவரோடு சேர்ந்து உண்டாக்கும் அதிகாரம் வேறு என்று எழுதினார். 1920களில் தொழில் நடத்துகிறவர்கள் அவரை அழைத்துப் பேசச் சொல்லிக் கேட்டார்கள். பள்ளிக்கூட வராந்தாவிலிருந்து கம்பெனிக்குப் போன பாடமும் உண்டு, டீச்சர். அதனால் மேலாண்மை என்றாலே நமக்கு அந்நியம் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆபீஸ் ரூமுக்கு வெளியே ஒரு பழைய கரும்பலகை மாட்டியிருக்கும். மறுநாள் யார் லீவு, யார் பயிற்சிக்குப் போகிறார், அந்த வகுப்புக்கு யார் போவது, எந்தப் பாடம், எத்தனையாவது பக்கம் எல்லாம் சாயங்காலம் பள்ளி விடும் முன்பே அதில் ஏறிவிடும். ஆசிரியர்களே முறை வைத்து எழுதுவார்கள். சொல்லாமல் வரும் லீவுக்கென்று ஓர் அட்டைப்பெட்டி, அதில் வகுப்புக்கு ஒரு கட்டாகப் பயிற்சித்தாள்கள். நாலாம் வகுப்பு டீச்சர் வராத ஒரு நாள் நான் அங்கே இருந்தேன். ஏழாம் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் பெட்டியிலிருந்து பயிற்சித்தாள் கட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போய் நாலாம் வகுப்பில் கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள். பக்கத்து அறை ஆசிரியர் இரண்டு அறைக்கும் நடுவில் வாசலில் நின்றுகொண்டார். சத்தம் இருந்தது. ஆனால் பெருக்கல் கணக்கு நடந்துகொண்டிருந்தது. தலைமை ஆசிரியர் அப்போது ஆறாம் வகுப்பில் அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட யாரும் ஓடவில்லை.

அங்கே பொறுப்பும் பிரிந்துதான் இருந்தது. காலை உணவு, சத்துணவு ஒருவரிடம். நோட்டு, சீருடை, காலணி இன்னொருவரிடம். பொறுப்பைக் கொடுத்தால் முடிவெடுக்கும் உரிமையையும் சேர்த்துக் கொடுங்கள். சின்ன விஷயத்துக்கும் உங்களிடம் வந்து கேட்க வேண்டும் என்றால் வேலை பிரிந்ததாக ஆகாது, உங்கள் அறை வாசலில் கூட்டம் கூடும், அவ்வளவுதான். உங்கள் கணக்குப் பாடவேளையை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். போன் வந்தால், “வகுப்பில் இருக்கிறேன், மதிய இடைவேளையில் தருகிறேன்” என்று சொல்லுங்கள். முதல் தடவை சொல்லப் பயமாக இருக்கும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர கல்வி சாராத வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்று சட்டத்தின் 27ஆம் பிரிவே சொல்கிறது. அது ஆசிரியரின் நேரத்துக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கிறதோ அந்த மதிப்பையாவது நாமும் கொடுக்க வேண்டாமா?

இனி பள்ளி மேலாண்மைக் குழு. இது கையெழுத்துக் கூட்டமாகப் போய்விடுவதைப் பார்க்க எனக்கு வேதனையாக இருக்கிறது. சட்டப்படி குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்கும் பொறுப்பும், வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்க்கும் பொறுப்பும் அவர்களுடையது. நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாக்களை மத்தியானத்தில் கூப்பிட்டால் எப்படி வருவார்கள்? எந்த நேரம் தோது என்று அவர்களையே கேளுங்கள். வந்தவர்களிடம் தீர்மான நோட்டை நீட்டுவதற்கு முன், போன மாதம் எந்த வகுப்பில் எத்தனை பாடவேளை நடக்கவில்லை, ஏன் நடக்கவில்லை என்று வாசித்துக் காட்டுங்கள். ஆசிரியரைக் குறை சொல்வார்களோ என்று தயங்க வேண்டாம், காரணத்தையும் சேர்த்துத்தானே சொல்லப் போகிறீர்கள். பள்ளியில் ஓர் இடம் காலியாக இருந்தால், அது ஏன் நிரம்பவில்லை என்று ஓர் அம்மாவாவது கேட்பார். அதையே தீர்மானமாக எழுதி, வந்த எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்புங்கள். பெற்றுக்கொண்டதற்கு நகலில் முத்திரை வாங்கிப் பள்ளியில் வைத்துக்கொள்ளுங்கள்.