25 சதவீதம் மலிவாக ஜாம்பியா செம்பு: முன்பணம் அனுப்பலாமா?

கேள்வி: சிறிய அளவில் செம்புக் கம்பி இழுக்கும் ஆலை நடத்துகிறேன். ஜாம்பியாவில் உள்ள ஒரு சிறு சுரங்கக்காரர்கள் கூட்டுறவு சங்கத்தின் பிரதிநிதி என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் பேசுகிறார். 99.99 சதவீத காப்பர் கேத்தோடை (சுத்திகரித்த செம்புத் தகட்டை) எல்.எம்.இ. (லண்டன் உலோகச் சந்தை) விலையைவிட 25 சதவீதம் குறைத்துத் தருகிறாராம். தகடு மலைபோல் அடுக்கிய கிடங்கு வீடியோ, சோதனைச் சான்று, ஏற்றுமதி உரிமம், பாஸ்போர்ட் நகல் எல்லாம் அனுப்பிவிட்டார். முதலில் சோதனைக்கு 5 டன் எடுங்கள், ஏற்றுமதி வரிக்கு மட்டும் 12,000 டாலர் முன்பணம் போதும் என்கிறார். அனுப்பலாமா? எல்சி (ஆவணங்கள் சரியாக இருந்தால் விற்பவருக்கு வங்கி பணம் தரும் உறுதிக் கடிதம்) போட்டால் பாதுகாப்பா?

பதில்: அனுப்பாதீர்கள். இன்றே என்றாலும் வேண்டாம், பாதித் தொகை என்றாலும் வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். ஒரு டன் செம்பு 10,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 5 டன் என்றால் 50,000 டாலர். அதில் 25 சதவீதம், அதாவது 12,500 டாலரை உங்களுக்கு விட்டுக்கொடுக்கிறார். முன்பின் தெரியாத ஒருவருக்கு 12,500 டாலரை விட்டுக்கொடுக்கிறவரால் 12,000 டாலர் வரி கட்ட முடியாதா? கையில் 5 டன் கேத்தோடு இருந்தால், இரண்டு டன்னை அங்குள்ள கிட்வே நகரிலோ ந்டோலா நகரிலோ விற்று வரியைக் கட்டிவிட்டு மீதியை அனுப்பலாமே. அவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். கோபம் வரும், அல்லது சட்டம் இடம் தராது என்று ஒரு கதை வரும். வரித் தொகையைச் சரக்கு விலையில் கழித்துக்கொள்ளச் சொன்னால் பேச்சே நின்றுவிடும்.

கேத்தோடு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் இந்தக் கதை இன்னும் சீக்கிரம் உடையும். நுணுக்கத்துக்குள் போகவில்லை. மண்ணிலிருந்து வருவது கல். அதில் செம்பு சில சதவீதம்தான் இருக்கும். கந்தகம் கலந்த தாதுவாக இருந்தால் அரைத்து, செறிவாக்கி, உலையில் உருக்கி, கடைசியில் மின்பகுப்புத் தொட்டியில் சுத்தம் செய்ய வேண்டும். பச்சை நிற ஆக்சைடு தாதுவாக இருந்தால் கந்தக அமிலத்தில் கரைத்து, கரைசலைப் பிரித்து, மின்சாரம் பாய்ச்சித் தகடாகப் படிய வைக்க வேண்டும். இந்த இரண்டாவது வழியில் ஒரு டன் தகடு படிய ஏறத்தாழ 2,000 யூனிட் மின்சாரம் வேண்டும். ஜாம்பியாவில் 2024-ல் வறட்சியால் கரிபா அணையில் நீர் வற்றி, வீடுகளுக்கு நாளில் சில மணி நேரம்தான் மின்சாரம் கிடைத்தது. பெரிய சுரங்கங்களே வெளியிலிருந்து மின்சாரம் வாங்கி ஓட்டின. அந்த ஊரில் கடப்பாரையும் சாக்கும் வைத்திருக்கும் கூட்டுறவு சங்கம் 99.99 சதவீதத் தகடு போடுகிறது என்றால் எப்படி நம்புவது?

அங்கே சிறு சுரங்கக்காரர்கள் இல்லாமல் இல்லை. கிட்வேயில் கறுப்பு மலை என்று ஒரு கசடுக் குவியல் இருக்கிறது. பழைய உலைகள் தள்ளிய கழிவு. அதில் மிச்சமிருக்கும் செம்புக்காக இளைஞர்கள் குடைகிறார்கள். ஜெராபோ என்று அவர்களைச் சொல்வார்கள். 2018 ஜூனில் அந்தக் குவியல் சரிந்து 10 பேர் செத்தார்கள். எல்லைக்கு அப்பால் காங்கோவில் கோல்வேசிப் பக்கம் இதேபோல் கையால் தோண்டுகிறவர்கள் ஏராளம். இவர்கள் எல்லாருமே விற்பது கல்லையும் கசடையும்தான், அதுவும் பக்கத்து வியாபாரியிடம், அவர் சொன்ன விலைக்கு. அவர்கள் பெயரை உங்கள் தரகர் எடுத்துக்கொள்கிறார். ஏழைச் சுரங்கக்காரருக்கு அவசரமாகப் பணம் தேவை, அதனால்தான் மலிவு என்ற கதை கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

கன்சான்ஷி, சென்டினல், கொங்கோலா மாதிரிப் பெரிய சுரங்கங்களில் விளையும் செம்பு வாட்ஸ்அப்புக்கு வராது. பெரும்பாலும் முன்கூட்டியே ஒப்பந்தம் போட்ட வர்த்தக நிறுவனங்களுக்கே போகிறது. விலையும் எல்.எம்.இ. சராசரியை ஒட்டித்தான் முடிவாகும். நல்ல தகடு என்றால் அதற்கு மேலே ஒரு பிரீமியம் வேறு. கேத்தோடு கிட்டத்தட்ட ரொக்கம் மாதிரி. ஐந்நூறு ரூபாய் நோட்டை 375 ரூபாய்க்கு ஒருவர் நீட்டினால் நாம் என்ன நினைப்போம்?

சரி, அவர் அனுப்பிய காகிதங்களுக்கு வருவோம். கம்பெனிப் பதிவு அசலாகவே இருக்கலாம். ஜாம்பியாவில் கம்பெனிகளைப் பதிவு செய்வது பாக்ரா என்ற அலுவலகம், அங்கே தேடிப் பார்க்கலாம். சுரங்க உரிமங்களின் பதிவேடும் இணையத்தில் திறந்தே கிடக்கிறது. ஆனால் கம்பெனி இருக்கிறது என்பதற்கும் செம்பு இருக்கிறது என்பதற்கும் சம்பந்தமில்லை. அசல் கம்பெனியின் பெயரையும் முகவரியையும் திருடி, மின்னஞ்சலில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி வைத்திருப்பவர்களும் உண்டு. சோதனைச் சான்றைச் சரிபார்க்கிறேன் என்று பலர் அந்தச் சான்றில் அச்சடித்த எண்ணுக்கே போன் செய்கிறார்கள். மறுமுனையில் எடுப்பவர் தரகரின் மச்சானாக இருப்பார். எஸ்ஜிஎஸ், பீரோ வெரிட்டாஸ், அலெக்ஸ் ஸ்டூவர்ட் போன்ற ஆய்வு நிறுவனங்களின் சொந்த இணையதளத்தில் எண் எடுத்து, சான்று எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். கன்டெய்னர் எண் தந்தால் கப்பல் கம்பெனியின் தளத்தில் போட்டுப் பாருங்கள். நான்கு எழுத்து, ஏழு இலக்கம். கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு வருவது. வாய்க்கு வந்தபடி எழுதிய எண் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

வீடியோவில் மலைபோல் தகடு அடுக்கியிருக்கிறது என்கிறீர்கள். 5 டன் செம்பு அரை கன மீட்டரைவிடக் கொஞ்சம்தான் அதிகம். உங்கள் வீட்டு பீரோ அளவுகூட வராது. ஒரு லாரி முப்பது டன் சுமந்துகொண்டு தார் எஸ் சலாம் துறைமுகத்துக்கோ டர்பன் துறைமுகத்துக்கோ ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் அல்லது அதற்கு மேல் போகிற தடத்தில், 5 டன்னைத் தனியாக ஏற்றுமதி செய்கிறேன் என்று யாரும் வியாபாரம் செய்வதில்லை. சோதனைச் சரக்கு என்ற பேச்சு உங்களைத் தைரியப்படுத்தத்தான். 12,000 டாலர் போனதும் ராயல்டி பாக்கி என்பார்கள், அப்புறம் இன்ஷூரன்ஸ், அப்புறம் துறைமுகத்தில் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம். எனக்குத் தெரிந்த ராடு (செம்புத் தடி) ஆலைக்காரர் ஒருவர் இப்படி ஆறு தவணை கட்டினார். ஆறாவதை ஏன் கட்டினீர்கள் என்று கேட்டேன். ஐந்து கட்டிவிட்டேனே, விட முடியுமா என்றார்.

இந்தத் தொழிலில் தரகர்களின் சங்கிலி ஒன்று ஓடுகிறது. மேண்டேட் (விற்பவர் சார்பில் பேசுகிறேன் என்பவர்), மேண்டேட்டுக்கு மேண்டேட், அவருக்கு ஒரு துபாய்க்காரர். ஒருவரிடமும் சரக்கு இல்லை. ஆனால் கமிஷன் ஒப்பந்தத்தில் மட்டும் எல்லாருடைய கையெழுத்தும் இருக்கும். பணம் இருப்பதற்குச் சான்று காட்டுங்கள் என்று உங்கள் வங்கிக் கடிதத்தை வாங்கி, அடுத்த ஆளை ஏமாற்ற அதைக் காட்டுவார்கள். நீங்கள் இதுவரை என்னென்ன அனுப்பினீர்கள் என்று எழுதவில்லை. லெட்டர்ஹெட், ஐஇசி (இறக்குமதி ஏற்றுமதி எண்) சான்று, காசோலை நகல் எதையாவது அனுப்பியிருந்தால் உங்கள் வங்கி மேலாளருக்கு இன்றே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

எல்சி பற்றிக் கேட்டீர்கள். முன்பணத்தைவிட எல்சி நல்லதுதான். ஆனால் வங்கி பார்ப்பது காகிதத்தை மட்டும். சர்வதேச எல்சி விதிகளே அப்படித்தான் சொல்கின்றன: வங்கி ஆவணங்களைக் கையாளும், சரக்கை அல்ல. காகிதம் சரியாக இருந்து கன்டெய்னரில் செங்கல் இருந்தாலும் பணம் போய்விடும். மிகைப்படுத்தவில்லை. 2020-ல் ஸ்விட்சர்லாந்தின் மெர்க்கூரியா, உலகளவில் பெரிய வர்த்தக நிறுவனம், துருக்கியிலிருந்து சீனாவுக்குப் பிளிஸ்டர் (உருக்கியும் முழுதாகச் சுத்தம் செய்யாத) செம்பு வாங்கியது. சரக்கு ஏறும்போது ஆய்வு நடந்தது, சீல் வைத்தார்கள். பிறகு சீலை உடைத்து, செம்பை எடுத்துவிட்டு, செம்பு நிறத்தில் பெயின்ட் அடித்த நடைபாதைக் கற்களை வைத்து, போலி சீல் போட்டார்கள். சுமார் 3.6 கோடி டாலர். இன்ஷூரன்ஸ் பத்திரங்களில் பெரும்பாலானவையும் போலி என்று பிறகு தெரிந்தது. அவ்வளவு பெரிய ஆட்களுக்கே இந்தக் கதி. எல்சி போட்டே ஆகவேண்டும் என்றால், நீங்கள் நியமித்த ஆய்வாளர் எடை போட்டு மாதிரி எடுத்த சான்று, கன்டெய்னர் மூடி கப்பலில் ஏறும்வரை அவர் உடனிருந்ததற்கான சான்று, இரண்டையும் எல்சி நிபந்தனையில் எழுதுங்கள். ஆய்வாளருக்குக் கூலி நீங்கள் கொடுங்கள். விற்பவர் கொடுத்தால் அவர் விற்பவரின் ஆய்வாளர்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை வைத்துத்தான் உங்கள் தரகர் அடுத்து வாதாடுவார். எல்.எம்.இ.க்குக் கீழே உண்மையிலேயே விற்கும் செம்பும் உண்டு. ஜாம்பியாவிலும் காங்கோவிலும் அமிலத்தில் கரைத்துத் தகடு போடும் சின்ன ஆலைகள் இருக்கின்றன. அவற்றின் தகடு எல்.எம்.இ. பட்டியலில் பதிவான பிராண்டு அல்ல. எல்.எம்.இ. ஏற்கும் ஏ கிரேடில், பட்டியலிட்ட மாசுகள் எல்லாம் சேர்ந்தும் பத்து லட்சத்தில் 65 பங்கைத் தாண்டக் கூடாது. சின்ன ஆலைத் தகட்டில், தொட்டியிலுள்ள ஈயத் தகடுகளிலிருந்து ஈயம் ஏறிவிடலாம், கந்தகம் ஒட்டியிருக்கலாம், மேலே முண்டு முண்டாக இருக்கலாம். அதற்காகச் சில சதவீதம் தள்ளுபடி நியாயம். பிளிஸ்டர், ஆனோடு (மின்பகுப்புச் சுத்தத்துக்கு வார்த்த செம்பு), உருக்கிய ஸ்கிராப் கட்டி ஆகியவற்றுக்கும் தள்ளுபடி உண்டு, ஏனென்றால் சுத்தம் செய்யும் செலவு வாங்குபவர் தலையில். ஆனால் இரண்டைக் கவனியுங்கள். ஒன்று, இப்படி விற்பவர் சரக்கில் குறை இருக்கிறது என்று தானே சொல்வார். 99.99 என்று சொல்லிக்கொண்டே 25 சதவீதம் குறைக்கிறவர் இந்தக் கணக்கில் வரமாட்டார். இரண்டு, நீங்கள் கம்பி இழுக்கிறவர். மெல்லிய கம்பிக்கு இந்தச் சரக்கு ஆகாது. பிஸ்மத் கொஞ்சம் இருந்தாலே செம்பு நொறுங்கும், டையில் (கம்பி இழுக்கும் அச்சில்) கம்பி அறுந்துகொண்டே இருக்கும். தள்ளுபடியில் மிச்சம் பிடித்ததை நிறுத்தி நிறுத்தி ஓட்டும் மெஷினில் விடுவீர்கள். பித்தளை வார்ப்புக்காரர் வாங்கலாம், நீங்கள் வேண்டாம்.

இதெல்லாம் தாண்டி நிஜச் சரக்கு ஒன்று வந்தால் இங்கே நம் அதிகாரிகள் காத்திருக்கிறார்கள். செம்பு இறக்குமதிக்கு 2021 முதல் முன்பதிவு முறை இருக்கிறது, அந்தப் பதிவு இல்லாமல் சரக்கு நகராது. கேத்தோடுக்கு பி.ஐ.எஸ். (இந்தியத் தர அமைவனம்) சான்று கட்டாயம் என்ற தரக் கட்டுப்பாட்டு உத்தரவு ஒரு நிலையில் நின்றதே இல்லை. சரக்கு புறப்படும் நாளின் விதியை உங்கள் கஸ்டம்ஸ் ஏஜெண்டிடம் எழுத்தில் வாங்குங்கள், வாய்ப் பேச்சு வேண்டாம். இதைவிட எரிச்சல் வங்கி விஷயத்தில்தான். வெளிநாட்டுக்கு முன்பணம் அனுப்பினால் சரக்கு வந்ததற்கு பில் ஆஃப் என்ட்ரி என்ற சுங்க ஆவணத்தைக் காட்ட வேண்டும். ஏமாந்தவரிடம் அது எப்படி இருக்கும்? அந்த ஆறு தவணை ஆலைக்காரருக்குப் பணம் போன பிறகும் வங்கியிலிருந்து கடிதம் வந்துகொண்டே இருந்தது, ஆவணம் சமர்ப்பிக்கவில்லை என்று. புகார் நகலைக் காட்டினால், அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை என்றார்களாம். ஏமாற்றியவனை ஒருவரும் கேட்கவில்லை, ஏமாந்தவரிடம்தான் விளக்கம் கேட்டார்கள்.

உங்கள் அளவுக்கு மாதம் எத்தனை டன் என்று தெரியவில்லை. சில பத்து டன்னுக்குள் என்றால், உள்நாட்டு உருக்காலையின் விநியோகஸ்தரிடமோ, ராடு போடும் ஆலையிடமோ 8 மில்லிமீட்டர் ராடாகவே வாங்குவதுதான் கட்டுப்படியாகும். தூத்துக்குடி ஆலை 2018-ல் மூடிய பிறகு நாடு சுத்திகரித்த செம்பை ஏற்றுமதி செய்வதைவிட அதிகம் இறக்குமதி செய்கிறது, ஆகவே பிரீமியம் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். முணுமுணுத்துக்கொண்டே கொடுங்கள்.

தரகரின் எண்ணைத் தடை செய்யும் முன் உரையாடல், காகிதங்கள், அவர் தந்த வங்கிக் கணக்கு விவரம் எல்லாவற்றையும் சேமித்து வையுங்கள். ஏற்கெனவே ஏதாவது அனுப்பியிருந்தால், வங்கியில் திரும்பக் கோரும் விண்ணப்பம் கொடுத்துவிட்டு அன்றைக்கே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் பேசுங்கள். பணத்தை மீட்டுத் தருகிறேன் என்று அடுத்த வாரம் ஒரு வக்கீல் போன் செய்வார். அவருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.