வி.ஆர்.எஸ். ஃபார்ம்ல கையெழுத்து போடவா வேண்டாமா? போலியோ பாதிச்ச அரசு ஊழியரின் கேள்வி

கேள்வியை சுருக்கி சொல்லிடறேன். 53 வயசு, தமிழ்நாடு அரசு ஆபீஸ் ஒண்ணுல உதவியாளர். ரெண்டு வயசுல போலியோ வந்து வலது கால் போயிடுச்சு, காலிப்பரும் (காலைத் தாங்கற உலோகப் பட்டை) ஊன்றுகோலுமா 26 வருஷம் சர்வீஸ் பாத்துட்டாங்க, மாற்றுத்திறனாளி கோட்டாவுல வந்த வேலை. இப்ப நாலு வருஷமா நல்லா இருந்த இடது காலும் வலுவிழந்துட்டே போகுது, ஊன்றுகோல் பிடிச்சு பிடிச்சு தோள்பட்டை ஜவ்வும் கிழிஞ்சிருக்கு. போன வருஷம் செக்‌ஷனை மாடிக்கு மாத்திட்டாங்க, லிஃப்ட் கிடையாது, 22 படி. "யாரும் வர்றதுக்கு முன்னாடி எட்டரைக்கே போயி படியில உக்காந்து உக்காந்து பின்பக்கமா ஏறிடறேன் சார்"னு எழுதியிருக்காங்க. கீழ தபால் செக்‌ஷன்ல ஒரு சீட் காலியா இருக்கு, கேட்டா மேலதிகாரி வி.ஆர்.எஸ்., அதாவது விருப்ப ஓய்வு, ஃபார்மை எடுத்து நீட்டறாராம். வீட்டுல அண்ணன் மகன், "கடைசி வரைக்கும் நான் பாத்துக்கறேன் அத்தை, வீட்டை செட்டில்மெண்ட் எழுதிக் குடுங்க"ன்னு கேக்கறார், அதாவது இப்பவே வீட்டை அவர் பேருக்கு மாத்தற பத்திரம்.

அக்கா, ரெண்டு பேப்பர்லயும் இப்போதைக்கு கையெழுத்து வேண்டாம்.

முதல்ல வேலை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல் 19. அதுல பிரிவு 20(4) என்ன சொல்லுதுன்னா, சர்வீஸ்ல இருக்கும்போது ஊனம் ஏற்பட்ட ஊழியரை அரசு நிறுவனம் வேலைய விட்டு எடுக்கவும் கூடாது, பதவிய குறைக்கவும் கூடாது. பாத்துட்டு இருந்த வேலைய பாக்க முடியலன்னா அதே சம்பள விகிதத்துல வேற வேலைக்கு மாத்தணும், அப்படி ஒரு போஸ்ட்டே இல்லன்னா கூடுதல் பணியிடம் உருவாக்கி, பொருத்தமான போஸ்ட் வர்ற வரைக்கும் இல்ல ரிட்டயர்மென்ட் வயசு வரைக்கும் அதுல வச்சிருக்கணும். உங்களுக்கு 60 வரைக்கும் ஏழு வருஷம் முழுசா இருக்கு.

ஆனா ஒண்ணு, ஆபீஸ்ல விஷயம் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா இப்படி மடக்குவாங்க: "நீங்க ஊனத்தோட தானே வேலைக்கு வந்தீங்க, சர்வீஸ்ல வந்தது இல்லையே, 20(4) உங்களுக்கு எப்படி பொருந்தும்?" இந்த வாதத்தை லேசா எடுத்துக்காதீங்க. இதுக்கு பதில் உங்க மெடிக்கல் ரெக்கார்டுல தான் இருக்கு. போலியோ வந்து பல வருஷம் கழிச்சு புதுசா தசை பலவீனம், அசதி, வலி வர்றதுக்கு போஸ்ட் போலியோ சிண்ட்ரோம்னு பேரு. வைரஸ் கொன்ன நரம்பு செல்களோட வேலையையும் சேத்து மிச்ச செல்கள் இத்தனை வருஷம் ஓவர்டைம் பாத்துச்சு, இப்ப அதுவும் ஓய ஆரம்பிக்குது. இதைக் காட்ட தனியா ஒரு டெஸ்ட் கிடையாது, மத்த காரணமெல்லாம் இல்லன்னு பாத்துட்டு தான் டாக்டர் முடிவு பண்ணுவார். அதனால அரசு ஆஸ்பத்திரியில நரம்பியல், எலும்பு ரெண்டு டாக்டர்கிட்டயும் "இடது கால் பலவீனமும் தோள்பட்டை பாதிப்பும் இன்ன வருஷத்துக்கு அப்புறம் புதுசா வந்தது"ன்னு தெளிவா எழுதி வாங்குங்க. பழைய சர்டிபிகேட்ல வலது கால் மட்டும் தான் இருக்கும், இது சர்வீஸ்ல வந்ததுன்னு காட்டற பேப்பர் இது.

20(4) இல்லாமலும் நிக்க முடியும். 20(2) படி நியாயமான ஏற்பாடும் தடையில்லாத சூழலும் அரசு நிறுவனம் செஞ்சு தரணும், அதுக்கு ஊனம் எப்ப வந்துச்சுங்கற கேள்வியே இல்ல. அளவுக்கு மீறின சுமைன்னா மட்டும் தான் அவங்க மறுக்கலாம், காலியா கிடக்கற சீட்டுல ஒரு ஆளை உக்கார வைக்கறது என்ன சுமைன்னு அவங்களே எழுதட்டும்.

கையெழுத்து வேண்டாம்னு ஏன் இவ்வளவு சொல்றேன்னா, போட்டுட்டா "அவங்களா விருப்பப்பட்டு போனாங்க"ன்னு ஃபைல் மூடிடும். பஞ்சாப் மின்வாரியத்துல கண் பார்வை போன ஒரு லைன்மேன், பகவான் தாஸ்னு பேரு, தன்னோட பாதுகாப்பு தெரியாம ரிட்டயர் பண்ணிடுங்கன்னு லெட்டர் குடுத்துட்டார். 2008ல சுப்ரீம் கோர்ட், உரிமை தெரியாதவர் குடுத்த லெட்டரை அவருக்கு எதிரா பயன்படுத்தக் கூடாதுன்னு சொல்லி அவர் பக்கம் தீர்ப்பு குடுத்துச்சு. அது பழைய 1995 சட்டத்தோட பிரிவு 47, இப்போதைய 20(4)க்கு அண்ணன்னு வச்சுக்கோங்க. ஆனா அவர் பார்வை போனது 1994ல, தீர்ப்பு வந்தது 2008ல. அந்த அலைச்சல் உங்களுக்கு எதுக்கு?

அதனால ஒரு பக்க மனு போதும். அழுது எழுத வேண்டாம், "கருணை கூர்ந்து"வும் வேண்டாம். "எனக்கு புதிதாக ஏற்பட்டுள்ள பாதிப்பால் 22 படிகள் ஏற இயலவில்லை, 2016 சட்டம் பிரிவு 20(2), 20(4) படி தரைத்தளத்தில் உள்ள தபால் பிரிவுக்கு அதே ஊதிய விகிதத்தில் மாற்றித் தர வேண்டும்"னு எழுதி டாக்டர் லெட்டரை சேருங்க. பின்பக்கமா உக்காந்து ஏறறதை இவ்வளவு நாள் மறைச்சீங்களே, அதையும் ஒரு வரி போடுங்க, அதுல வெட்கப்பட வேண்டியது நீங்க இல்ல.

பதில் இல்லன்னா அதே 2016 சட்டம் பிரிவு 23 படி உங்க துறையில குறைதீர் அலுவலர் ஒருத்தர் இருந்தாகணும், புகார் பதிவாகி ரெண்டு வாரத்துக்குள்ள விசாரிக்கணும். அதுவும் நடக்கலன்னா சென்னையில மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர், ஆளை வரவழைச்சு ஃபைல் கேக்கற சிவில் கோர்ட் அதிகாரம் அவருக்கு இருக்கு. அவர் பரிந்துரை அனுப்பினா துறை மூணு மாசத்துக்குள்ள பதில் சொல்லணும். கடைசியா தான் ஹைகோர்ட் ரிட்.

ஊன சதவீதம் கூடினா "வேலைக்கு லாயக்கில்ல"ன்னு சொல்லிடுவாங்களோன்னு சர்டிபிகேட் மறுமதிப்பீட்டுக்கு பயப்படறதாவும் எழுதியிருக்கீங்க. சதவீதம் வேற, வேலை செய்யற திறன் வேற. போய் புதுப்பிச்சுக்கோங்க.

வீடு விஷயம். பையன் நல்லவனாவே இருக்கட்டும். பாத்துக்கறேன்னு எழுதி வாங்கிட்டு பாக்கலன்னா பத்திரத்தை செல்லாதுன்னு அறிவிக்க 2007 மூத்த குடிமக்கள் சட்டத்துல பிரிவு 23 இருக்கு, ஆனா அந்த சட்டத்துல மூத்த குடிமக்கள்னா 60. உங்க உடம்புக்கு எழுபது ஆயிருக்கலாம், சட்டத்துக்கு நீங்க இன்னும் 53 தான், இப்ப எழுதற பத்திரத்துக்கு அந்த வழி கிடைக்கும்னு நம்பி இறங்க முடியாது. ரிஜிஸ்டர் பண்ணி அவர் ஏத்துக்கிட்ட செட்டில்மெண்ட்டை நீங்க தனியா போய் ரத்து பண்றதும் சாதாரணமா நடக்காது, சிவில் கோர்ட் படி தான் ஏறணும். அவருக்கு தான் குடுக்கணும்னா உயில் எழுதுங்க, ரெண்டு சாட்சி போதும், உயிரோட இருக்கற வரைக்கும் எத்தனை தடவை வேணாலும் மாத்தலாம், வீடும் உங்க பேர்லயே இருக்கும். உயில்னதும் முகம் மாறுதான்னு பாருங்க, அதுவே ஒரு பதில்.

மனுவை ரெண்டு காப்பி எடுத்துட்டு போய் ஒண்ணுல சீலும் தேதியும் போட்டு வாங்கிக்கோங்க. தபால் செக்‌ஷன் கீழ தானே இருக்கு, அதுக்கு படி ஏற வேண்டாம்.