காய்ச்சல் வந்தால் அக்குளைப் பாருங்கள்

கேள்வி: ஏற்காடு நாகலூரில் இருக்கிறோம். காப்பித் தோட்டத்தில் விளையாடி வந்த 7 வயது மகனின் கழுத்தில் உண்ணி ஒட்டியிருந்தது. மண்ணெண்ணெய் தடவிப் பிடுங்கினேன். காட்டு உண்ணிகளில் பாதிக்கு நோய்க்கிருமி உண்டு, ‘லைம்’ நோய் வரும் என்று இணையத்தில் படித்ததும் பயந்து, கடையில் அமாக்ஸிசிலின் வாங்கி மூன்று நாளாகக் கொடுக்கிறேன். சரிதானா?

பதில்: காய்ச்சலே இல்லாத பிள்ளைக்கு அமாக்ஸிசிலின் எதற்கம்மா? இன்றே நிறுத்துங்கள்.

லைம் கிருமி பற்றிய அந்தப் ‘பாதி’ கணக்கு அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் உள்ள கருங்கால் உண்ணியுடையது. அங்கேயும் சில இடங்களில்தான் அவ்வளவு. அதே நாட்டில் உண்ணியால் வரும் இன்னொரு நோயான ராக்கி மலைப் புள்ளிக் காய்ச்சலின் கிருமியைத் தேடினால், நூறு உண்ணியில் ஒன்றில் கிடைப்பதே அரிது. ஊர், உண்ணியின் வகை, கிருமி மூன்றையும் பார்க்காமல் ஒரு எண்ணைத் தூக்கிக்கொண்டு நடுங்கக் கூடாது. உங்கள் மகன்மேல் ஏறியது பெரும்பாலும் மாட்டு உண்ணியோ நாய் உண்ணியோதான். அடுத்த முறை மண்ணெண்ணெய் வேண்டாம். சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், போதும்.

என் கவலை நீங்கள் பார்க்காத பூச்சியைப் பற்றி. நம் செய்தித்தாள்கள் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று எழுதுகிற ஸ்க்ரப் டைபஸைப் பரப்புவது உண்ணி அல்ல, புல்லிலும் புதரிலும் இருக்கும், கண்ணுக்கு எட்டாத ஒரு பூச்சியின் குஞ்சு. மழை ஓய்ந்து குளிர் இறங்கும்போது, காப்பிப் பழம் பறிக்கிற அதே மாதங்களில், இது கூடும்.

அடுத்த மூன்று வாரத்துக்குள் மகனுக்குக் காய்ச்சல் வந்தால் துணியைக் கழற்றி முழு உடம்பையும் பாருங்கள். அக்குள், தொடையிடுக்கு, காதுக்குப் பின்புறம், அரைஞாண் கயிறு அழுத்தும் இடம். பீடியால் சுட்டது போல ஒரு பொட்டு இருக்கலாம்: நடுவில் கருகிய பொருக்கு, சுற்றிச் சிவந்த வளையம். வலிக்காது, அரிக்காது. அதனால் பிள்ளை சொல்லவே மாட்டான். ஐந்து நாள் காய்ச்சலோடு வந்த ஒரு தோட்டத் தொழிலாளிக்குப் பாவாடை நாடாவுக்கு அடியில் அதைக் கண்டேன். அவருக்கே தெரியவில்லை.

பொட்டு இல்லாவிட்டாலும், காய்ச்சல் என்றால் உடனே மருத்துவரிடம் போய்த் தோட்டம், உண்ணி இரண்டையும் சொல்லுங்கள். நாய் உண்ணியால் வரும் காய்ச்சலுக்கும் இதே விதிதான். இரண்டின் கிருமியும் நம் செல்லுக்குள்ளேயே குடியிருப்பது. அமாக்ஸிசிலின் அதைத் தொடாது. டாக்ஸிசைக்ளின் என்ற மருந்துக்குக் கேட்கும், பெரும்பாலும் இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். ஆனால் அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், கடைக்காரர் அல்ல. தாமதித்தால் நுரையீரலையும் மூளையையும் பிடித்துவிடும். மூச்சு வாங்கினாலோ, பிள்ளை சோர்ந்து பிதற்றினாலோ, இரவென்று பார்க்காமல் மலையிறங்கிச் சேலத்துக்குக் கொண்டுபோங்கள்.