பேரிடரில் பெற்றோரை இழந்த குழந்தைக்கு யார் பொறுப்பு?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வெள்ளம், நிலச்சரிவு என்று எது வந்தாலும், 'தாய் தந்தையை இழந்த இரண்டு பிஞ்சுகள், தத்தெடுக்க விரும்புவோர் அழைக்கவும்' என்று ஓர் எண்ணுடன் வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. நாலு பேருக்கு அனுப்பினால் ஒரு குழந்தைக்காவது வழி பிறக்காதா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: தயவுசெய்து அனுப்பாதீர்கள். கைப்பேசி எண்ணைக் கொடுத்துக் குழந்தையைத் தத்துக்கு அறிவிக்கும் உரிமை எவருக்கும் இல்லை. அப்படி அறிவிப்பவர் விவரம் தெரியாதவராக இருக்கலாம். குழந்தையை விற்பவராகவும் இருக்கலாம். 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது இத்தகைய செய்திகள் நாடெங்கும் பரவியதால், சட்டத்துக்குப் புறம்பாகத் தத்துக் கொடுப்போர் மீது நடவடிக்கை எடுக்குமாறு உச்ச நீதிமன்றமே மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டில் மதுரையில் ஒரு தனியார் காப்பகம், தன் பொறுப்பில் இருந்த ஆண் குழந்தை கொரோனாவில் இறந்து அடக்கமும் ஆகிவிட்டதாக ஆவணம் காட்டியது. காவல்துறை விசாரித்தபோது, அந்தக் குழந்தை பணத்துக்குக் கைமாறி இன்னொரு வீட்டில் உயிரோடு இருந்தது தெரியவந்தது.

ஆதரவற்ற குழந்தையைக் கண்டால் 24 மணி நேரத்துக்குள் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ, காவல் நிலையத்துக்கோ, மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்கோ தெரிவிக்க வேண்டும் என்பது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் நம் ஒவ்வொருவர் மீதும் சுமத்தியிருக்கும் கடமை. குழந்தையின் படத்தையும் பெயரையும் வெளியிடுவதை அதே சட்டம் தடை செய்கிறது. துணையற்று நிற்கும் ஒரு சிறுமி இருக்கும் இடத்தை ஊருக்கெல்லாம் சொல்வது, அவளைத் தேடி வரும் தீயவருக்கும் வழி காட்டுவதாகிவிடும்.

கேள்வி: எங்களுக்குக் குழந்தை இல்லை. பேரிடரில் அநாதையான ஒரு குழந்தையை நேரில் சென்று அழைத்து வந்து வளர்ப்பதில் என்ன தவறு? அரசு ஏன் இத்தனை காலம் இழுத்தடிக்கிறது?
– ஒரு தம்பதியர், ஈரோடு

பதில்: உங்கள் ஏக்கம் புரிகிறது. ஆனால் முகாமில் தனியாக அழும் குழந்தை அநாதைதான் என்று முதல் வாரத்தில் எவராலும் சொல்ல முடியாது. தந்தை வேறொரு மருத்துவமனையில் நினைவின்றிக் கிடக்கலாம்; பாட்டி அடுத்த ஊர் முகாமில் பேரனைத் தேடிக்கொண்டிருக்கலாம். 2004 சுனாமியின்போது இலங்கையின் கல்முனை மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு கைக்குழந்தையைப் பலரும் உரிமை கோருவதாகச் செய்தி பரவியது. நீதிமன்றம் உத்தரவிட்ட மரபணுச் சோதனைக்குப் பின், 2005 பிப்ரவரியில்தான் அது பெற்றோரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. இடையில் இரக்கப்பட்டு யாரேனும் தூக்கிச் சென்றிருந்தால் அந்தப் பெற்றோர் என்ன ஆகியிருப்பார்கள்? 2010இல் ஹெயிட்டி நிலநடுக்கத்துக்குப் பின், 33 குழந்தைகளை உரிய ஆவணமின்றி டொமினிக்கன் குடியரசுக்கு அழைத்துச் செல்ல முயன்ற அமெரிக்கர் பத்துப் பேர் எல்லையில் கைதானார்கள். அநாதைகளை மீட்பதாகச் சொல்லித்தான் அவர்கள் புறப்பட்டார்கள். அக்குழந்தைகளுக்கோ பெற்றோர் இருந்தார்கள்.

ஆகவேதான் நம் சட்டம் பெற்றோரையும் உறவினரையும் தேடுவதற்குக் காலம் ஒதுக்குகிறது. தேடியும் எவரும் கிடைக்காத நிலையில், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையை இரண்டு மாதத்துக்குள்ளும், மூத்த குழந்தையை நான்கு மாதத்துக்குள்ளும் தத்துக்குரியதாக நலக் குழு அறிவிக்கும். நீங்கள் மத்திய தத்துவள ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீள்வது உண்மைதான். அதைச் சுருக்க அரசு முயல வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனாலும் குறுக்குவழியில் வந்த குழந்தையை என்றைக்கு வேண்டுமானாலும் சட்டம் திரும்பக் கேட்கும்.

கேள்வி: இப்படிப்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் நல்லதா, உறவினர் வீடு நல்லதா?
– வாசகர், வேதாரண்யம்

பதில்: பாசமுள்ள உறவினர் வீடுதான் நல்லது. சுனாமியில் 6,000க்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த நாகப்பட்டினம் மாவட்டத்தில், பெற்றோரை இழந்த பிள்ளைகளைச் சித்தப்பாவும் அத்தையும் தாத்தாவும் ஏற்று வளர்த்ததைக் கடற்கரையோரக் கிராமங்கள் கண்டிருக்கின்றன. அப்படி ஏற்க ஆள் இல்லாதவர்களுக்கு நாகையில் அன்னை சத்யா அரசு குழந்தைகள் காப்பகம் இருந்தது. அங்கே வளர்ந்து, படித்து, மணமாகிக் குடும்பம் நடத்துகிற பெண்களும் இருக்கிறார்கள். அரசுக் காப்பகம் என்றாலே முகம் சுளிப்பவர்கள் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் உறவினர் என்ற ஒரே காரணத்துக்காகக் கண்காணிப்பைக் கைவிட முடியாது. கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தையின் பெயரில் தமிழக அரசு 5 லட்சம் ரூபாயை வைப்பீடு செய்து, 18 வயதில் வட்டியோடு தருவதென்றும், வளர்க்கும் உறவினருக்கு மாதம் 3,000 ரூபாய் அளிப்பதென்றும் முடிவு செய்தது. பணத்தைக் காப்பாளரின் கையில் மொத்தமாகக் கொடுக்காமல் குழந்தையின் பெயரில் பூட்டி வைத்த இந்த ஏற்பாட்டை மனமாரப் பாராட்டுகிறேன். இழப்பீடு வந்த பிறகு திடீரென்று முளைக்கும் பாசத்தை, பேரிடர் கண்ட எந்த ஊரிலும் பார்க்கலாம். குழந்தை பள்ளிக்குப் போகிறதா, அந்த வீட்டுப் பிள்ளைகள் உண்ணும் நேரத்தில் அதுவும் அவர்களோடு உண்கிறதா, வேலைக்காரியாகிவிட்டதா என்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு அவ்வப்போது நேரில் சென்று பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சுரண்டலுக்கு ஆளாக ஒரு குழந்தை அநாதையாக இருக்க வேண்டும் என்பதில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைச் சாய்த்துப் போட்ட சில வாரங்களில், 36,000 ரூபாய் முன்பணத்துக்குக் கொத்தடிமையாக விடப்பட்ட ஒரு சிறுவன் மீட்கப்பட்டான். அவனுக்குப் பெற்றோர் இருந்தார்கள். கூரை பறந்த வீட்டுக்குக் கீற்று வாங்கக்கூடக் கையில் காசில்லாத நேரத்தில்தான் தரகர் முன்பணத்தோடு வாசலுக்கு வருகிறார். முதல் மாதத்திலேயே நிவாரணத் தொகை கைக்கு வந்து, பள்ளியும் சத்துணவும் மீண்டும் தொடங்கிவிட்டால், அந்தத் தரகருக்கு அங்கே வேலை இல்லை.

கேள்வி: நிவாரண முகாமில் தொண்டாற்றப் போகிறோம். குழந்தைகள் விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?
– கல்லூரி மாணவர்கள், கடலூர்

பதில்: தனித்து நிற்கும் குழந்தையின் பெயர், ஊர், கண்டெடுத்த இடம், உடுத்தியிருந்த உடை ஆகியவற்றை அன்றே எழுதி அலுவலரிடம் கொடுங்கள், உடன்பிறந்தவர்களைப் பிரிய விடாதீர்கள். முகாமில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிக் கழிப்பறையும் இரவில் வெளிச்சமும் கேட்டு வாங்குங்கள். 'நல்ல பள்ளியில் சேர்க்கிறோம்' என்று வண்டியோடு யார் வந்தாலும், நலக் குழுவின் எழுத்துபூர்வமான ஆணையைக் கேளுங்கள். அது இல்லையென்றால் வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு உடனே 1098ஐ அழையுங்கள். வந்தவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், காவலர் வரும் வரை குழந்தையை வண்டியில் ஏற்ற விடாதீர்கள்.