ஓடாத மெஷினுக்கு என்ன விலை?

கேள்வி: அண்ணாச்சி, வணக்கம். சீவலப்பேரிப் பக்கம் எங்க ஊரு. அப்பா மரம் அறுக்க வச்சிருந்த பெட்ரோல் மெஷின் ஒண்ணு சாய்ப்புல கெடக்கு. ஸ்டில் கம்பெனி. நாலஞ்சு வருசமா ஓடல. 2023 டிசம்பர் வெள்ளத்துல சாய்ப்புக்குள்ள முழங்கால் தண்ணி நின்னுச்சு; அப்ப மெஷின் தரையில இருந்துச்சா, பரண்ல இருந்துச்சான்னு யாருக்கும் நெனப்பில்ல. ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில புது மெஷின் 24,000, பழசைக் கொடுத்தா 4,000 குறைப்போம்னு போன்லயே சொல்லுதாங்க. ஊர்ல மரம் வெட்டுற அண்ணன் ஒருத்தரு, "எம் பேட்டரி ஸ்பிரேயரை எடுத்துக்கிட்டு அதைக் கொடு"ங்காரு. எதுக்குக் கொடுக்கட்டும்?

பதில்: தம்பி, ஒரு வாரத்துக்கு ரெண்டு பேருக்கும் பிடி கொடுக்காமல் இருங்கள். கடைக்காரர் மெஷினைக் கண்ணால் பார்க்காமலே 4,000 என்கிறார். மரம் வெட்டுகிற அண்ணனோ, கயிற்றை ஒருதரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். அவருக்குத் தெரிந்தது உங்களுக்கும் தெரிய வேண்டாமா?

நான் இதில் அடிபட்டவன். கிணற்றடியில் கிடந்த அரை எச்.பி. மோட்டாரை, "ஓடாது, எடுத்துக்கோங்க" என்று 400 ரூபாய்க்குப் பழைய இரும்புக் கடையில் போட்டேன். அடுத்த வாரம் தெருமுக்கு வீட்டில் அதே மோட்டார் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. போயிருந்தது கப்பாசிட்டர் மட்டும்தான். அன்றிலிருந்து 'ஓடாது' என்று யார் சொன்னாலும், 'ஏன் ஓடலையாம்?' என்று கேட்டுவிட்டுத்தான் மறுபேச்சு.

அப்பாவிடம் முதலில் கேளுங்கள்: மெஷின் கடைசியாக எப்படி நின்றது? நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை வேலை இல்லாமல் வைத்துவிட்டு, ஆறு மாசம் கழித்து எடுத்தால் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் சந்தோஷப்படுங்கள். டேங்கில் கிடந்த பெட்ரோல் கெட்டுப்போய் கார்புரேட்டரில் பிசின் கட்டியிருக்கும், உள்ளே இருக்கும் டயாபிரம் என்கிற ரப்பர் சவ்வு விறைத்திருக்கும், பெட்ரோல் டியூப் வெடிப்பு விட்டிருக்கும். இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோலில் இது இன்னும் சீக்கிரம் நடக்கிறது. எல்லாம் சின்னச் செலவு. சுவிட்சை அணைத்ததுபோல் பட்டென்று நின்றிருந்தால் பிளக், அதற்குக் கரண்ட் கொடுக்கும் காயில், சுவிட்ச் ஒயர் பக்கம் பார்க்கணும். இது நடுத்தரச் செலவு. செயின் ஓடுகிற நீளத் தகடு, அதாவது 'பார்', மரத்துக்குள் இருக்கும்போதே சத்தம் கீச்சென்று ஏறி, பிறகு இழுவை குறைந்து நின்று, அப்புறம் கயிறே அசையவில்லை என்று அப்பா சொன்னால் பிஸ்டன் பிடித்திருக்கிறது. பெட்ரோலில் ஆயில் கலக்காமலோ குறைத்துக் கலந்தோ ஓட்டியிருப்பார்கள். அது பெரிய செலவு.

அடுத்தது வெள்ளம். இது தெரியும்வரை கயிற்றை இழுக்கவே கூடாது. உள்ளே வண்டல் இருந்தால் ஒரே இழுப்பில் சிலிண்டரில் கோடு விழுந்துவிடும். ஸ்டார்ட்டர் மூடியின் திருகுகளைக் கழற்றினால் காற்றாடி மாதிரி இதழ் வைத்த சக்கரம் தெரியும். அந்த இதழ்களின் இடுக்கைப் பாருங்கள். மரத்தூளும் ஆயிலும் சேர்ந்த கறுப்புப் பிசுக்கு இருந்தால் மெஷின் பரணில்தான் இருந்திருக்கிறது. நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்கிற சாம்பல் நிற மண் இருந்தால், தாமிரபரணி வந்து போயிருக்கிறது. ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்தும் அதே மண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக ஒரு டீஸ்பூன் 2டி ஆயில் (பெட்ரோலில் கலக்கிற ஆயில்தான்) விட்டு, ராத்திரி முழுக்க அப்படியே வையுங்கள். மறுநாள் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றும்போது நறநறவென்றால் பேரிங் துருப்பிடித்துவிட்டது. அப்படியானால் கீழே நான் சொல்லும் கணக்கெல்லாம் வேண்டாம். உதிரி பாகத்துக்கு என்று விலை பேசுங்கள்.

மண் இல்லையென்றால் மேலே போகலாம். செயினைக் கழற்றி வையுங்கள். பிளக்கை இறுக்கி, சுவிட்சை ஆஃபில் வைத்து, கீழே ஒரு சாக்கை விரித்து, ஸ்டார்ட்டர் கயிற்றின் கைப்பிடியை மட்டும் பிடித்து மெஷினை முழங்கால் உயரத்துக்குத் தூக்குங்கள். தன் கனத்தில் விக்கி விக்கி, தயங்கித் தயங்கி இறங்கினால் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றழுத்தம், இருக்கிறது. சர்ரென்று இறங்கினால் இல்லை. பெரிய மாடல்களில் சிலிண்டர் பக்கம் ஒரு சின்ன அமுக்கு பட்டன் இருக்கும். அது உள்ளே அமுங்கிக் கிடந்தால் நல்ல மெஷினும் சர்ரென்றுதான் இறங்கும், அதைக் கவனியுங்கள். பட்டறையில் அழுத்தம் அளக்கிற கேஜ் மாட்டிப் பார்த்தால் 120 பிஎஸ்ஐக்கு மேல் வந்தால் நல்லது. நூறுக்குக் கீழே என்றால் பிஸ்டன், அதைச் சுற்றியிருக்கும் ரிங் வேலை இருக்கிறது.

எனக்குக் கேஜைவிடக் கண்ணில்தான் நம்பிக்கை. சைலன்சரைக் கழற்றுங்கள், பெரிய வேலை இல்லை. அந்த ஓட்டை வழியாகச் செல்போன் வெளிச்சம் அடித்தால் பிஸ்டனின் பக்கவாட்டுச் சுவர் தெரியும். வழுவழுவென்று, லேசாகக் காவியேறி இருந்தால் நல்ல பிஸ்டன். நகத்தால் கீறியதுபோல் மேலும் கீழுமாக ஆழக் கோடுகள், அலுமினியம் இழுபட்டு அப்பிய தடம் இருந்தால் முடிந்தது. ஒரு ஈர்க்குச்சியால் ரிங்கை மெல்ல அமுக்குங்கள். அமுங்கித் திரும்பி வரணும். ஸ்க்ரூடிரைவரை உள்ளே விடாதீர்கள். சீமை உடை (சீமைக் கருவேலம்) வெட்டிக் கரி மூட்டம் போடுகிற இடங்களில் உழைத்த மெஷின் என்றால் கார்புரேட்டரையும் கழற்றி அந்தப் பக்கத்துச் சுவரையும் பார்த்துவிடுவது நல்லது. ஃபில்டரைத் தாண்டிப் போகும் தூசி அந்தப் பக்கத்தைத்தான் தின்னும்.

பார், செயினைப் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம். தேயத்தான் செய்யும், மாற்றத்தான் வேண்டும். செயின் பல் நீளம் 4 மி.மீ.க்கு வந்துவிட்டதென்றால் அதற்கு விலை போடாதீர்கள்.

இனி கணக்கு. உங்கள் மாடல், ஓடுகிற நிலையில், பழசாகக் கைமாறினால் என்ன போகும் என்று நாலு மரவெட்டிகளிடம் கேளுங்கள். பேச்சுக்கு 9,000 என்று வைப்போம். கார்புரேட்டர் கிட், டியூப், பிளக், கூலி எல்லாம் சேர்த்து மெக்கானிக் 1,500 சொன்னால் மிச்சம் 7,500. வாங்குகிறவர் ஓடாததை நம்பி வாங்குகிறார். அந்தத் துணிச்சலுக்குக் கால்வாசி கழித்தால் 5,600 சொச்சம். பிஸ்டன் செட்டே மாற்றணும், 5,000 ஆகும் என்றால் மிச்சம் 4,000. அதில் பாதிக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். பெயரில்லாமல் வருகிற '58 சிசி' மெஷினாக இருந்தால் பிஸ்டன் போனதுமே அதன் கதை முடிந்தது என்றிருப்பேன். உங்களுடையதற்குச் செத்த பிறகும் காயில், கைப்பிடி, கேஸ் என்று உதிரிக்கு ஆள் உண்டு.

கடைக்காரரின் 4,000-க்கு வருவோம். பழசு எதுவும் இல்லாதவர்போல அதே கடைக்கும் இன்னொரு கடைக்கும் வேறு ஆளை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள்: "இதே மாடல், இதே பார் அளவு, பில்லோட, ரொக்கமா என்ன கடைசி விலை?" 21,500 என்று வந்தால் உங்கள் மெஷினுக்கு அவர் கொடுப்பது 1,500-தான். மீதி 2,500 உங்கள் பணம், உங்கள் கைக்கே சுற்றி வருகிறது. எக்ஸ்சேஞ்ச் என்று பலகை வைத்த எந்த வியாபாரத்துக்கும் இதே கேள்வியைக் கேட்கலாம், மிக்ஸி ஆனாலும் சரி, பைக் ஆனாலும் சரி.

ஸ்பிரேயரில் பார்க்க வேண்டியது பேட்டரி மட்டும்தான். ராத்திரி சார்ஜ் போட்டு, காலையில் வெறும் தண்ணீர் ஊற்றி அடித்துப் பாருங்கள். மூணாவது டேங்கிலேயே விசை குறைந்தால் புது பேட்டரி விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள். சும்மா கிடந்த ஸ்பிரேயர் என்றால் பேட்டரி செத்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

என் யோசனை கேட்டால், பிஸ்டன் வழுவழுவென்று இருந்து மண்ணும் இல்லையென்றால் யாருக்கும் கொடுக்காதீர்கள். 1,500 செலவழித்து ஓட வையுங்கள். புதுசு வேண்டுமா என்பதை அப்புறம் பேசலாம். மண் இருந்தால் அந்த அண்ணனிடம் "வெள்ளத்துல நனைஞ்சது" என்று சொல்லியே கொடுங்கள். ஒரே ஊர், நாளைக்கும் அவர் முகத்தில் முழிக்கணும்.

கேள்வி: கடையம் பக்கத்துல இருந்து எழுதுதேன். மரம் வெட்டித்தான் பொழப்பு. புது மெஷின் வாங்கி ரெண்டு மாசத்துல பிடிச்சுக்கிச்சு. ஆயில் கலக்காம ஓட்டியிருக்கீங்க, வாரண்டி கிடையாதுங்காங்க. நான் கலந்துதான் ஊத்துனேன் அண்ணாச்சி.

பதில்: எவ்வளவு கலந்தீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பல கம்பெனிகள் தங்கள் சொந்த ஆயிலுக்கு லிட்டருக்கு 20 மில்லி (1:50) சொல்கின்றன. அவற்றில் சில, சாதா 2டி ஆயில் என்றால் 40 மில்லி (1:25) கேட்கும். உங்கள் மெஷினோடு வந்த புத்தகத்தில் எழுதியிருக்கும். சாதா ஆயிலை 20 மில்லி கணக்கில் ஊற்றியிருந்தால், புத்தகம் 40 கேட்கிறபட்சத்தில் வாரண்டி கேட்பது கஷ்டம்தான்.

சரியாகத்தான் கலந்தீர்கள் என்றால் "ஏன் மறுக்கிறீர்கள்" என்பதை எழுத்தில் வாங்குங்கள். கழற்றிய பிஸ்டனை ரெண்டு பக்கமும் படம் எடுங்கள். டேங்கில் மிச்சமிருக்கும் பெட்ரோலைக் கொட்டிவிடாமல் ஒரு பாட்டிலில் எடுத்து வையுங்கள். பிறகு 1915-க்குப் போன் போட்டுப் புகாரைப் பதியுங்கள். அது தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் நடக்கவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ரெண்டு வருடத்துக்குள் போகணும். 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. "தொழிலுக்கு வாங்கினது, நீங்க நுகர்வோரே இல்ல" என்று யாராவது சொன்னால் மலைக்காதீர்கள். சொந்தக் கையால் ஓட்டி வயிறு வளர்க்க வாங்கிய பொருளுக்கு 2019 சட்டத்திலேயே இடம் இருக்கிறது. பில்லை மட்டும் லேமினேட் செய்யாதீர்கள். சில பில்களில் எழுத்து அந்தச் சூட்டிலேயே கறுத்துப் போகும். செராக்ஸ் எடுத்து வைத்தால் போதும்.